ஏசிடிஎச் ஊசி: யூனிட் வேறு, மில்லி வேறு

தூங்கி எழுந்த ஐந்து மாதக் குழந்தை திடீரென்று தலையை முன்னே கவிழ்த்து, இரண்டு கைகளையும் விரித்து, ஒரு நொடி விறைக்கிறது. பிறகு தளர்கிறது. சில நொடிகள் கழித்து மறுபடியும் அதே அசைவு. பத்து, இருபது, சில நேரம் இன்னும் அதிகமாக வரிசையாக வந்து ஓய்ந்ததும் குழந்தை அழுகிறது. வாயு என்பார் ஒருவர், உரம் விழுந்திருக்கும் என்பார் இன்னொருவர். பயந்த கோளாறு என்று மந்திரிக்கத் தூக்கிப் போவதும் உண்டு. அந்த வாரங்களுக்குள் சிரிப்பு குறைகிறது, முகம் பார்ப்பது குறைகிறது, நின்ற தலை மறுபடி தொங்குகிறது. இதுதான் இன்ஃபன்டைல் ஸ்பாஸம். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜியில் ஒழுங்கற்று உயர்ந்தெழும் அலைகளும் (ஹிப்ஸ்அரித்மியா) சேர்ந்திருந்தால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்பார்கள். 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் மகனுக்கு வந்ததை லான்செட் இதழில் விவரித்து எழுதியதால் வந்த பெயர் அது.

இதற்கு முதல் வரிசை மருந்து வழக்கமான வலிப்பு மருந்து அல்ல, ஹார்மோன். பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோனான ஏசிடிஎச் ஊசி (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஸ்டீராய்டு சுரக்க வைப்பது), அல்லது வாய்வழியாக அதிக அளவு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்ற, மூளையையும் தோலையும் பாதிக்கும் மரபணு நோய் இருக்கும் குழந்தைக்கு மட்டும் விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்து முதலில் வரும். அதனால்தான் தோலில் வெளிறிய இலை வடிவத் தேமல்கள் இருக்கின்றனவா என்று மருத்துவர் விளக்கடித்துப் பார்க்கிறார். 1958 முதல் ஏசிடிஎச் இந்த நோய்க்குப் பயன்பட்டு வருகிறது. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பல பெற்றோர் தயங்கி, யோசிக்க இரண்டு வாரம் கேட்கிறார்கள். அந்த இரண்டு வாரமே பெரிய ஆபத்து. ஸ்பாஸம் தொடங்கிய நாளுக்கும் சரியான மருந்து தொடங்கிய நாளுக்கும் இடைவெளி கூடக்கூட, பின்னாளைய வளர்ச்சி அதிகம் பாதிக்கப்படுகிறது. மருந்தின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை கண்காணித்தால் பிடிபடும், மருந்து நின்றதும் குறையும். கைநழுவிப் போகிற வாரங்களுக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது.

ஆனால் இது கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளாத மருந்து. மருந்துச் சீட்டிலிருந்து மருந்துக் கடைக்கும், கடையிலிருந்து சிரிஞ்சுக்கும், வார்டிலிருந்து வீட்டுக்கும் கை மாறும் இடங்களில்தான் தவறு நுழைகிறது. கீழே வரும் கணக்குகள் சீட்டைச் சரிபார்க்க உதவும். அளவை முடிவு செய்வது குழந்தை நரம்பியல் மருத்துவரின் வேலை.

கணக்கு

அதிக அளவு முறையில் ஏசிடிஎச், உடல் பரப்பளவின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 150 யூனிட், இரண்டு வேளையாகப் பிரித்து, இரண்டு வாரம். குழந்தையின் நீளத்தை சென்டிமீட்டரிலும் எடையை கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பளவு கிடைக்கும். 7 கிலோ, 65 செ.மீ. குழந்தைக்கு 455ஐ 3600ஆல் வகுத்தால் 0.126, அதன் வர்க்கமூலம் சுமார் 0.36 சதுர மீட்டர். ஆக நாளுக்கு 54 யூனிட், வேளைக்கு 27 யூனிட்.

இனிமேல்தான் சிக்கல். அமெரிக்காவில் விற்கும் ஏசிடிஎச் மருந்தான ஆக்தார் ஜெல்லில் மில்லிக்கு 80 யூனிட். இந்தியாவில் அதிகம் புழங்கும் குப்பியில் மில்லிக்கு 60 யூனிட். அதே 27 யூனிட், முதலாவதில் 0.34 மில்லி, இரண்டாவதில் 0.45 மில்லி. இணையத்தில் படித்த மில்லி அளவையோ, வேறொரு குழந்தையின் சீட்டில் இருந்த மில்லி அளவையோ எடுத்துக்கொண்டால் மருந்து கூடும் அல்லது குறையும். சீட்டில் யூனிட், மில்லி, குப்பியின் அடர்த்தி மூன்றும் எழுதியிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தாலும் கேட்டு எழுதி வாங்குங்கள். குப்பி மாறும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் பார்த்து மறுபடி கணக்கிடுங்கள்.

இதைவிட மோசமான தவறு இன்சுலின் சிரிஞ்சில் நடக்கிறது. அதன் மேலும் "யூனிட்" என்று அச்சிட்டிருப்பதால் 27 யூனிட் என்றதும் கை அதைத்தான் எடுக்கும். அந்தக் கோடுகள் இன்சுலினுக்கானவை. நம் ஊரில் கிடைக்கும் யு-40 சிரிஞ்சில் 27ஆம் கோடு என்பது 0.675 மில்லி. 80 யூனிட் குப்பியிலிருந்து அவ்வளவு எடுத்தால் 54 யூனிட் உள்ளே போகும், அதாவது சரியாக இரட்டிப்பு. 60 யூனிட் குப்பியானால் ஒன்றரை மடங்கு. யு-100 சிரிஞ்சு என்றால் தவறு எதிர்த்திசையில் போகிறது: 0.27 மில்லிதான் ஏறும், 60 யூனிட் குப்பியில் அது 16 யூனிட். அப்போது ஸ்பாஸம் நிற்காது, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே நூறு கோடு போட்ட 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்சு மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு கோடும் 0.01 மில்லி. இன்சுலின் சிரிஞ்சை அந்த அறையிலேயே வைக்க வேண்டாம்.

செயற்கை வடிவமான டெட்ராகோசாக்டைடின் கணக்கு தனி. இந்நோய்க்குப் பிரிட்டனில் நடந்த ஆய்வில் டிப்போ ஊசி (மெல்ல மெல்ல உடலில் கலப்பது) 0.5 மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தார்கள். அது 40 யூனிட்டுக்குச் சமம். டிப்போ என்ற சொல் இல்லாத 0.25 மில்லிகிராம் ஆம்பூல், அட்ரீனல் சோதனைக்கு உரியது. சீக்கிரமே உடலிலிருந்து போய்விடும், இந்தச் சிகிச்சைக்கு ஈடாகாது. கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

முழு கோர்ஸுக்கான குப்பிகள் கையில் இருக்கின்றனவா என்று முதல் ஊசிக்கு முன்பே பாருங்கள். மேலே சொன்ன குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு 756 யூனிட், படிப்படியாகக் குறைக்க இன்னும் 70 யூனிட் போல. 5 மில்லி, 300 யூனிட் குப்பி மூன்று வேண்டும். எட்டாம் நாள் மருந்து தீர்ந்து, ஊர் ஊராகத் தேடி அலைவது நடக்கக் கூடாத ஒன்று. சட்டென்று நிற்பதால் வரும் கேடு என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

எடை, நீளம், ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், ரத்த அணுக்கள், சிறுநீர். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ சோதனையும் பெரும்பாலும் சேரும். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், உறங்கிக் கிடக்கும் காசநோயை ஸ்டீராய்டு எழுப்பிவிடும். கருவிலேயே தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம், இதயச் செயலிழப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை ஆகியவை இந்த மருந்துக்குத் தடைகள். எம்ஆர்ஐ தேவையென்றால் முடிந்தவரை மருந்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஏசிடிஎச்சும் ஸ்டீராய்டும் தற்காலிகமாக மூளையைச் சுருங்கியது போலக் காட்டும். பிறகு எடுத்த படத்தில் அதைப் பார்த்துவிட்டு "மூளை சுருங்கிவிட்டதாம்" என்று குடும்பமே இடிந்துபோகத் தேவையில்லை. ஆனால் எம்ஆர்ஐ தேதிக்காக மருந்தை வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு.

ஸ்பாஸத்தை செல்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். நோயை உறுதி செய்யவும், பிற்பாடு ஒப்பிடவும் அதைவிட நல்ல சான்று இல்லை.

ஊசி போடும் முறை

முதல் சில ஊசிகள் மருத்துவமனையில் போடப்படும். பிறகு வீட்டருகே உள்ள செவிலியர் போடலாம், அல்லது பெற்றோருக்கே கற்றுத்தருவார்கள். செவிலியர் முன்னிலையில் நீங்களே போட்டுக் காட்டும் வரை தனியாகப் போடாதீர்கள்.

குப்பி குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, அடிக்கடி திறக்கும் கதவுத் தட்டிலும் வேண்டாம். எடுத்துச் செல்லும்போது ஐஸ் கட்டியை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், இடையில் துணி சுற்றுங்கள். ஊசி போடுவதற்குச் சற்று முன் வெளியே எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டி அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். வெந்நீரில் போடாதீர்கள். குளிர்ந்த மருந்து கெட்டியாக இருக்கும், சிரிஞ்சுக்குள் சீராக ஏறாது, குமிழ்கள் நிற்கும். 0.34 மில்லியில் 0.05 மில்லி காற்று இருந்தால் ஏழில் ஒரு பங்கு மருந்து போகவில்லை என்று அர்த்தம்.

கை கழுவி, குப்பி மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும் வரை பொறுத்து, எடுக்கப்போகும் மருந்தின் அளவுக்குக் காற்றைச் செலுத்துங்கள். அதற்கு மேல் செலுத்தினால் குப்பிக்குள் அழுத்தம் ஏறி மருந்து பீச்சும். மருந்து எடுக்கச் சற்றுப் பெரிய ஊசி, போடுவதற்குப் புதிதாக 23 முதல் 25 கேஜ், ஓர் அங்குல ஊசி. இடம் தொடையின் நடுப்பகுதியின் வெளிப்புறத் தசை. பிட்டத்தில் வேண்டாம், நரம்பில் படும். ரத்தக் குழாய்க்குள் இந்த மருந்து போகவே கூடாது. காலையில் வலத் தொடை என்றால் மாலையில் இடது. எந்தத் தொடை, எத்தனை மணி, எத்தனை மில்லி என்று தாளில் எழுதி, போட்டவர் கையெழுத்திடட்டும். அம்மா போட்டது தெரியாமல் பாட்டி வீட்டில் செவிலியர் மறுபடி போடுவதை இந்த ஒரு தாள் தடுக்கும். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடாமல், மருத்துவமனைக்குப் பேசிக் கேளுங்கள். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதுங்கள்.

கவனிக்க வேண்டியவை

முதலில் ரத்த அழுத்தம். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் ஏறக்கூடியது அதுதான். அதிக அளவு மருந்து போகும் இரண்டு வாரத்திலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான வீட்டுக் கருவி இங்கே உதவாது. கையில் சுற்றும் பட்டையான கஃப்பின் காற்றுப் பை அகலம் குழந்தையின் மேற்கைச் சுற்றளவில் சுமார் 40 விழுக்காடு இருக்க வேண்டும். சிறிய கஃப் போட்டால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், பெரியது போட்டால் தாழ்ந்து காட்டும். அழும் குழந்தையிடம் எடுத்த அளவுக்கும் மதிப்பில்லை. பால் குடித்து முடித்து அமைதியாக இருக்கும்போது, வலக் கையில், இரண்டு மூன்று முறை எடுக்கச் சொல்லுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் உடனே வர வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். அழுத்தம் ஏறினால் அதற்கு மருந்து சேர்த்துக்கொண்டு ஏசிடிஎச்சைத் தொடர முடிவது உண்டு. நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

ரத்தச் சர்க்கரை, பொட்டாசியம், சிறுநீர் ஆகியவற்றை இடையிடையே பார்ப்பார்கள். வயிற்றைக் காக்க ஒரு மருந்தும் கொடுக்கக்கூடும். மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ அன்றே போய்விடுங்கள்.

சிடுசிடுப்பு, தூக்கமின்மை, அடங்காத பசி, ஊதிய முகம் ஆகியவை பல குழந்தைகளுக்கு வரும். இரவெல்லாம் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு பெற்றோர் உடைந்துபோகிறார்கள், அதனால் ஆள் மாற்றித் தூங்க வீட்டில் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பசிக்குத் தாய்ப்பாலோ வழக்கமான பாலோ போதும், பிஸ்கட்டும் சர்க்கரையும் வேண்டாம். இணை உணவு தொடங்கிய குழந்தையின் கஞ்சியிலும் பருப்புச் சாதத்திலும் உப்பு சேர்க்காதீர்கள், ஏற்கெனவே உடல் நீரையும் உப்பையும் பிடித்து வைக்கிறது. தூங்கவைப்பதற்காக ஜாதிக்காய், வசம்பு இழைத்த உரை மருந்து கொடுப்பதும் இந்த வாரங்களில் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தால் காரணம் உரை மருந்தா, தொற்றா என்று கண்டறிய நேரம் வீணாகும்.

தொற்று விஷயத்தில் ஸ்டீராய்டு இரண்டு வகையில் ஏமாற்றும்: எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், காய்ச்சலையும் மறைக்கும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் பால் குடிக்க மறுப்பது, எழுப்ப எழுப்பக் கண் சொருகுவது, நிமிடத்துக்கு 50 மூச்சுக்கு மேல் போவது ஆகியவை காய்ச்சலுக்குச் சமம். பார்க்க வரும் உறவினரை வாசலோடு நிறுத்துவது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். தெருவில் அம்மை போட்டிருந்த பிள்ளையோடு குழந்தை பழகிவிட்டது தெரிந்தால், கொப்புளம் வரக் காத்திருக்காமல் அன்றே சொல்ல வேண்டும், தடுப்பு சிகிச்சைக்கு நேரம் குறைவு.

தடுப்பூசி பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன எதுவும் இந்தக் காலத்தில் கூடாது: போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் சொட்டு, ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி, சில மாவட்டங்களில் கொடுக்கும் உயிருள்ள ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. மருந்து முழுதாக நின்று குறைந்தது ஒரு மாதம் கழியட்டும். சில மையங்கள் மூன்று மாதம் என்கின்றன, உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு. பென்டாவலன்ட், நிமோகாக்கல், போலியோ ஊசி போன்றவை உயிரற்றவை, அவற்றை எப்போது போடுவது என்பதை மருத்துவர் தனியாக முடிவு செய்வார். போலியோ முகாம் நாளில் வாசலுக்கே வந்து, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சொட்டு விட்டுப் போய்விடுவார்கள், நல்லெண்ணத்தில்தான். தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "ஸ்டீராய்டு சிகிச்சை, உயிருள்ள தடுப்பு மருந்து வேண்டாம்" என்று தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொரு சிறு பிள்ளைக்குச் சொட்டு மருந்து வேளை வந்தால் அதையும் கேளுங்கள். சொட்டில் இருக்கும் வைரஸ் மலத்தில் வெளியேறி இந்தக் குழந்தைக்குப் பரவலாம்.

ஊசி கிடைக்காவிட்டால்

அமெரிக்காவில் 2001இல் 40 டாலர் விற்ற ஆக்தார் குப்பி, 2007இல் 23,000 டாலரைத் தாண்டியது. ஒரு மருந்தின் விலை இப்படிக் கைக்கெட்டாமல் போனால் குழந்தைகளின் மூளையே விலை கொடுக்கிறது. பிரெட்னிசலோன் மலிவு, எங்கும் கிடைக்கும், ஊசி இல்லை. பிரிட்டனில் 2004இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 40 மில்லிகிராம், நான்கு வேளையாக. ஏழு நாளில் நிற்காவிட்டால் 60 மில்லிகிராம், மூன்று வேளையாக. இந்தியாவில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்ற அளவு பழக்கத்தில் உள்ளது. ஊசிக்காகக் காத்திருப்பதைவிட இன்றே பிரெட்னிசலோன் தொடங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பிரெட்னிசலோன் சிரப் 5 மில்லியில் 5 மில்லிகிராம் என்றும், 5 மில்லியில் 15 மில்லிகிராம் என்றும் இரண்டு அடர்த்தியில் வருகிறது. நாளுக்கு 28 மில்லிகிராம் வேண்டிய குழந்தைக்கு முதலாவதில் 28 மில்லி, இரண்டாவதில் 9.3 மில்லி. புட்டி மாறினால் மூன்று மடங்கு கூடும், அல்லது மூன்றில் ஒன்றாகக் குறையும். வீட்டுக் கரண்டியை விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, பாலுக்குப் பிறகு கொடுங்கள். குடித்த அரை மணிக்குள் கக்கினால் என்ன செய்வது என்று முன்பே கேட்டு வையுங்கள். ஊசியில் இருக்கும் எல்லா எச்சரிக்கையும், தடுப்பூசி உட்பட, இதற்கும் பொருந்தும்.

பதினான்காம் நாள்

நாட்குறிப்பில் ஒவ்வொரு தொடருக்கும் நேரம், எத்தனை அசைவு, தூங்கி எழுந்தபோதா என்று எழுதுங்கள். நாளுக்கு எட்டுத் தொடர் வந்தது இரண்டாகக் குறைந்தால் வீட்டில் மகிழ்ச்சி வரும், ஆனால் சிகிச்சையின் கணக்கில் அது வெற்றி அல்ல. ஸ்பாஸம் முழுதாக நிற்க வேண்டும், தூக்கத்தையும் சேர்த்து எடுத்த இஇஜியில் ஹிப்ஸ்அரித்மியாவும் மறைய வேண்டும். இரண்டு வாரத்தில் அப்படி ஆகவில்லை என்றால் தாமதிக்காமல் அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். ஹார்மோனோடு விகாபட்ரினையும் ஆரம்பத்திலேயே சேர்த்த பன்னாட்டு ஆய்வில், ஸ்பாஸம் நின்றவர்கள் 72 விழுக்காடு, ஹார்மோன் மட்டும் பெற்றவர்களில் 57. ஆனால் பதினெட்டு மாத வயதில் பார்த்த வளர்ச்சியில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நின்ற ஸ்பாஸம் திரும்பி வருவதும் உண்டு, ஆகவே நாட்குறிப்பைச் சில மாதங்களுக்குத் தொடருங்கள்.

பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஹார்மோனைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து தூண்டுதலோ ஸ்டீராய்டோ தொடர்ந்து வந்ததால், குழந்தையின் சொந்த பிட்யூட்டரி–அட்ரீனல் ஓட்டம் அடங்கிப் போயிருக்கும். ஆக்தார் முறையில் சதுர மீட்டருக்கு 30 யூனிட் காலையில் மட்டும் மூன்று நாள், பிறகு 15 யூனிட் மூன்று நாள், 10 யூனிட் மூன்று நாள், அதன்பின் ஆறு நாளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 யூனிட். நம் 7 கிலோ குழந்தைக்குக் கடைசி அளவு 3.6 யூனிட், 60 யூனிட் குப்பியில் 0.06 மில்லி. டியூபர்குலின் சிரிஞ்சில் ஆறு கோடு. இவ்வளவு சிறிய அளவில் ஒரு கோடு பிசகினாலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும், நல்ல வெளிச்சத்தில் எடுங்கள்.

கடைசி ஊசியோடு கவனம் முடிவதில்லை. அட்ரீனல் மீண்டும் முழுதாக இயங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கடும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, அறுவைச் சிகிச்சை எது வந்தாலும் உடலால் தேவையான கார்ட்டிசாலை (அட்ரீனல் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டு) சுரக்க முடியாமல் போகலாம். தொடர் வாந்தி, துவண்டு போதல், வெளிறிய குளிர்ந்த தோல், சர்க்கரை குறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பும் மருத்துவருக்கு, போன மாதம் இந்தக் குழந்தை ஏசிடிஎச்சில் இருந்தது தெரிய வழியில்லை. மருந்தின் பெயர், அதிகபட்ச அளவு, தொடங்கிய தேதி, நின்ற தேதி, அவசரத்தில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்து எவ்வளவு என்று உங்கள் மருத்துவர் கையெழுத்திட்ட சிறு அட்டை ஒன்றை வாங்கி, குழந்தையின் பையிலேயே வையுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும், வேறு ஊரில் அவசரப் பிரிவுக்குப் போனாலும், வாய் திறந்து பேசுவதற்கு முன் அந்த அட்டையைக் கொடுங்கள்.